கடைமடைக் கச்சேரி

மின்சாரக் காரில் பெரிய சவுண்ட் சிஸ்டம் மாட்டப்போகிறேன் என்று ஒருவர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "பாட்டுப் போட்டா சார்ஜ் இறங்கிடாதா?" என்பதுதான். டீசல் கார் வைத்திருந்த காலத்தில் பாட்டுக்கு எவ்வளவு டீசல் போகிறது என்று யாரும் கேட்டதில்லை. என்ஜினோடு சேர்ந்து சுற்றிய ஆல்டர்னேட்டர், பாட்டுக்கான மின்சாரத்தைத் தயாரிக்க வேண்டிய டீசலை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டிருந்தது. மின்சாரக் காரிலோ மிச்சம் எத்தனை சதவீதம் என்பது ஓட்டுநரின் கண்ணெதிரே எந்நேரமும் நிற்கிறது. பயம் அங்கிருந்துதான் வருகிறது.

கணக்குப் போட்டுவிடலாம். டாடா டியாகோ இவியின் பெரிய பேட்டரி 24 யூனிட். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். அந்த அளவுள்ள கார் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 120 வாட்-மணி எடுக்கும். பாட்டுக்கு, ஆம்ப்ளிஃபயரின் சொந்தச் செலவையும் சேர்த்து, கதவு அதிரக் கேட்டாலும் சராசரி 60 வாட் என்று தாராளமாகவே வைப்போம். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் சுமார் 25 கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்துப் பாட்டு தின்னும் மின்சாரம் 45 வாட்-மணி. அது கார் 400 மீட்டர்கூட ஓடப் போதாது. சித்திரை வெயிலில் ஏசி 1,000 வாட் இழுத்தால் அதே நேரத்தில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஏசியைப் பற்றி வாய் திறக்காதவர்கள் பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்வது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கிறது.

இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அவ்வளவு சத்தம் வருவதற்கு நம் காதுதான் காரணம். சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 முதல் 90 டெசிபல் வரை ஒலி கிடைக்கும். நாள் முழுக்கக் கேட்டால் காதைக் கெடுக்கக்கூடிய அளவு அது. காருக்குள் நாம் உட்கார்ந்திருப்பதும் ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் கூடும். கவனித்துக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். "ரெண்டு மடங்கு சத்தம்" என்று காது ஒத்துக்கொள்ள வாட் பத்து மடங்காக வேண்டும். ஒரு காலத்தில் டேப்ரெக்கார்டர் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்ற பிஎம்பிஓ வாட்டெல்லாம் இந்தக் கணக்கு தெரியாதவர்களின் ஏமாளித்தனத்தை நம்பி நடந்த வியாபாரம். அந்தப் பெட்டியின் பின்னால் சொருகிய அடாப்டர் 20 வாட் தந்தாலே பெரிது. ஆர்எம்எஸ் என்று குறித்த வாட் மட்டுமே கணக்கில் சேரும்.

ஒலியாக மாறுவதும் மிகச் சொற்பம். கார் கதவில் இருக்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கர், தனக்கு வந்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்குகிறது, மீதி வெப்பம். கோயில் திருவிழாவில் மைக் செட்காரர் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒலியாக்கும். சின்னத் தகட்டின் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும் குழாய் வழியே விடும்போது, வெளிக்காற்று அதை வாங்கிக்கொள்வது எளிதாகிறது. நாகஸ்வரத்தின் அணசு செய்வதும் அதே வேலை. பூம்புகாருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவெண்காட்டில் நாகஸ்வர வித்வான் சுப்பிரமணியப் பிள்ளை போன்றவர்கள் மைக் இல்லாத வீதியிலும் கடைசி வரிசைவரை கேட்க வாசித்ததில் இந்த இயற்பியலுக்கும் பங்குண்டு. காரில் அப்படிக் குழாய் வைக்க இடம் கிடையாது. ஆனால் தவிலின் தொப்பிச் சத்தம் போன்ற கீழ் ஒலிகளுக்குக் காரின் உட்புறமே உதவிக்கு வருகிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். அதில் பாதியளவுகூட நீளமில்லாத மூடிய கூடத்தில் அலை ஓட இடமில்லாமல், காற்று மொத்தமாக அழுந்தி விரிகிறது. அதனால் அதற்குக் கீழே போகப்போக அழுத்தம் தானாகவே கூடிக்கொண்டு போகும். சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் வீட்டு ஹாலில் முனகும், காரில் உறுமும்.

ஆக, பெரிய பேட்டரிக்கு ஆபத்து எதுவுமில்லை. ஆபத்து சின்னப் பேட்டரிக்கு.

மின்சாரக் காருக்குள் இரண்டு மின்சாரங்கள் ஓடுகின்றன. சக்கரத்தைச் சுழற்றுவது பெரும்பாலான கார்களில் 300 முதல் 400 வோல்ட். அதன் கேபிள்கள் எந்த நாட்டுக் காரானாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இந்த மின்சாரத்தின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே காரின் இரும்பு உடலைத் தொடாமல் தனித்து நிற்கின்றன. பேட்டரி வண்டிகளுக்கான ஐ.நா. விதி எண் 100, உடலுக்கும் இந்த மின்சாரத்துக்கும் இடையே வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் தடை இருக்க வேண்டும் என்கிறது. 320 வோல்ட் என்றால் 32,000 ஓம். காரே இதைச் சோதித்துக்கொண்டிருக்கும். தடை குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், சில கார்கள் நகரவே மறுக்கும். இரண்டாவது, நமக்குப் பழகிய 12 வோல்ட். ஹெட்லைட், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள், பாட்டு எல்லாம் இதில்தான் ஓடுகின்றன. இதற்கு நெகட்டிவ் காரின் உடலேதான். இரண்டையும் இணைப்பது டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி. பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து 14 வோல்ட் பக்கமாக இறக்கித் தருவது அதன் வேலை; ஆல்டர்னேட்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம். ஒரு வகையில் அதைவிட மேல். சிக்னலில் நிற்கும் பெட்ரோல் காரில் பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. டிசி-டிசிக்குக் கார் நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான்.

காரை ஆஃப் செய்துவிட்டால் கதை மாறுகிறது. கான்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் திறந்து, பெரிய பேட்டரியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துவிடும். டிசி-டிசியும் நின்றுபோகும். அதற்குப் பிறகு ஓடும் பாட்டு முழுக்க 12 வோல்ட் பேட்டரியின் தலையில்தான். ஆடிப்பெருக்கு, சித்ரா பௌர்ணமி, அமாவாசை நாட்களில் பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒரு பாதி குளிக்கப் போக, மறு பாதி காரோரம் கட்டுச்சோற்றைப் பிரித்து உட்காரும். கதவுகள் திறந்திருக்கும், பாட்டு ஓடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 420 வாட்-மணி. லெட்-ஆசிட் வகையானால் பாதிக்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஸ்க்ரீனும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்து 80 வாட் இழுத்தால் இரண்டரை மணி நேரத்தில் அந்தப் பாதி தீர்ந்துவிடும். பேட்டரி பழசாக இருந்தால் அதற்கும் முன்னாலேயே.

அது தீர்ந்தால் பாட்டு நிற்பதோடு போகாது. கான்டாக்டரை இழுத்து மூடுவதே 12 வோல்ட் மின்சாரம்தான். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நின்றாலும், கல்லணையில் தொடங்கி மேலையூர் கடையணை வரை யாராவது ஷட்டரைத் தூக்கினால்தான் இந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர். காரில் ஷட்டரைத் தூக்கும் கை அந்தச் சின்னப் பேட்டரி. அது ஓய்ந்துபோனால் 20 யூனிட் மீதமிருக்கும் கார் கடற்கரையில் கதவுகூடத் திறக்காமல் நிற்கும். சில கார்கள் நிறுத்தியிருக்கும்போதும் அவ்வப்போது விழித்து, பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்குக் கொஞ்சம் ஊட்டிவிட்டுத் தூங்கும். எல்லாக் கார்களும் அப்படி இல்லை. காரை 'ரெடி' நிலையிலேயே, பார்க்கிங் பிரேக் போட்டு வைத்திருந்தால் டிசி-டிசி ஓடும். மொத்தச் செலவு 300 வாட் என்றே வைத்தாலும் 24 யூனிட்டில் 80 மணி நேரம் பாடும். எந்தத் திருவிழாவுக்கும் அது போதும்.

இதே பேட்டரியை இன்னொரு வழியிலும் கொல்லலாம். அது கடைக்காரர் கையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை எழுப்பவும் தூங்கவைக்கவும் ரிமோட் ஒயர் என்று ஒன்று உண்டு. கார் ஆனாகும்போது மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் அதை இணைக்க வேண்டும். அந்த இடத்தைத் தேடச் சோம்பல்பட்டு, எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒயரிலேயே முறுக்கிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் இரவெல்லாம் விழித்திருக்கும். பாடாமல் சும்மா இருக்கவே ஓர் ஆம்பியர் எடுக்கும் என்றால், 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாளில் காலி. வேலை முடித்துக் காரைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பாட்டு எப்படி இருக்கிறது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மாட்டும் வேலையில் பழைய பழக்கங்கள் சிலவற்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரையோ சப்வூஃபர் பெட்டியையோ நிலைநிறுத்த டிரில்லை எடுத்துத் தரையில் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவது இத்தனை நாள் நடந்தது. பல மின்சாரக் கார்களில் அந்தத் தரைக்கு நேர் கீழேதான் பெரிய பேட்டரி படுத்திருக்கிறது. கூடவே ஆரஞ்சு கேபிளும் கூலன்ட் குழாயும். நீள ஸ்க்ரூ ஒன்று எங்கே போய் நிற்கும் என்று மேலிருந்து தெரியாது. ஏற்கெனவே இருக்கும் சீட் போல்ட்டில் பட்டை வைத்துப் பிடிப்பதே சரி. துளையிடத்தான் வேண்டும் என்று சொல்லும் கடையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முன்னெல்லாம் கம்பெனி செட்டைப் பிடுங்கிவிட்டு வேறு செட் வைப்பதுதான் முதல் வேலை. இப்போது அந்த ஸ்க்ரீனுக்குள்தான் சார்ஜிங் நேரம், பேட்டரி விவரம், பின்பக்கக் கேமரா எல்லாம் இருக்கின்றன. இண்டிகேட்டரின் டிக்டிக் சத்தமும் பார்க்கிங் பீப்பும் பல கார்களில் பாட்டு ஸ்பீக்கர் வழியாகவே வருகின்றன. ஆகவே செட்டைத் தொடாமல், அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சிக்னலை எடுத்து வெளி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறார்கள். ஒயரை வெட்டாமல், அந்தக் காருக்கென்றே வரும் கப்ளரைச் சொருகினால் வாரண்டி பேச்சும் எழாது. டாடா போன்ற கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி கொடுத்திருக்கும்போது, சில நூறு ரூபாய் கப்ளரில் கஞ்சத்தனம் செய்வது புத்திசாலித்தனம் ஆகாது.

வெளி ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்றால், 14 வோல்ட்டின் எல்லை. கம்பெனி செட் தன்னிடமுள்ள 14 வோல்ட் முழுவதையும் 4 ஓம் ஸ்பீக்கரின் மேல் ஏற்றினாலும் கிடைப்பது சுமார் 24 வாட்தான். பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பது உச்சக்கணத்து எண். வெளி ஆம்ப்ளிஃபயர் முதலில் தனக்குள்ளேயே வோல்ட்டேஜை உயர்த்திக்கொண்டு, பிறகு ஒலியைப் பெருக்குகிறது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் கிளாஸ் டி வகை. ஒலியலையின் வடிவத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன்-ஆஃப் செய்யும் துடிப்புகளாக மாற்றிப் பெருக்குவதால், வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை ஸ்பீக்கருக்குப் போகும். பழைய ஏபி வகையில் நூற்றுக்கு 50, 60 தாண்டுவது கடினம். 1964இல் இங்கிலாந்தின் சின்க்ளேர் கம்பெனி எக்ஸ்-10 என்ற பெயரில் இந்த வகையை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தபோது அது சரியாக வேலை செய்யவில்லை. போதுமான வேகத்தில் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் அப்போது இல்லை.

இனி, கேட்பவருக்கு மின்சாரக் கார் தரும் பெரிய பரிசுக்கு வருவோம். டியாகோ பெட்ரோலிலும் வருகிறது, மின்சாரத்திலும் வருகிறது. பெட்ரோல் டியாகோவில் மூன்று சிலிண்டர் என்ஜின். அது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 75 வெடிப்புகள். அதாவது 75 ஹெர்ட்ஸில் ஓர் இடைவிடாத முழக்கம். தவிலும் பாஸ் கிட்டாரும் உலவும் இடமும் அதே பக்கம்தான். ஒரு ஒலி இன்னொன்றை அமுக்குவதை மறைப்பு என்கிறார்கள். அந்த மறைப்பை மீறிக் கேட்கவே பெட்ரோல் கார்காரர் பாஸை ஏற்றிக்கொண்டு போகிறார். மின்சாரக் காரில் அந்த 75 ஹெர்ட்ஸ் முழக்கம் கிடையாது. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும்போது பாதியில் கரைந்துபோகாமல் கடைசிவரை கேட்கும். பழைய காரில் 500 வாட் கேட்டவருக்கு இதில் 200 போதும் என்பேன். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிசோடு ஒரு தொல்லையும் வருகிறது. என்ஜின் மறைத்துவைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிடுகின்றன: டயர் இரைச்சல், காற்றின் சீறல், டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப்பின் கிறீச். டயர் இரைச்சல் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் அதிகம். பாட்டின் சொற்கள் புரிய வேண்டிய பகுதியும் அதுதான். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சோதிக்க ஒரு வசதி உண்டு. அறுவடைக் காலத்தில் வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று உளுந்துச் செடியைச் சாலையில் பரப்பிவைத்திருப்பார்கள். அதன் மேல் கார் மெதுவாக ஏறும்போது பாட்டு தானாகவே துலக்கமாகும். அந்தப் பத்து மீட்டரும் தாண்டியதும் இரைச்சல் திரும்பிவிடும். மற்ற நாட்களுக்குக் கதவின் உட்தகட்டில் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டுவதுதான் வழி. கடைகளில் டேம்பிங் என்பார்கள். ஸ்பீக்கர் மாட்டும் முன் இதைச் செய்வதே சரியான வரிசை. தகடு அதிர்ந்தால் எந்த ஸ்பீக்கரும் தகரச் சத்தம்தான் போடும்.

பாட்டை நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் மெல்லிய விசில் கேட்டால், அது பெரும்பாலும் டிசி-டிசியோ மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரோ கொடுக்கும் சத்தம். நொடிக்கு ஏறக்குறைய 10,000 முறை திறந்து மூடும் இன்வெர்ட்டரின் மின்காந்தச் சிதறல், சிக்னல் ஒயருக்குள் புகுந்துவிடும். பவர் ஒயரைக் காரின் ஒரு பக்கமும் சிக்னல் ஒயரை மறு பக்கமும் ஓட்டி, எர்த்தை ஒரே இடத்தில் பிடித்தால் பெரும்பாலும் அடங்கும். அதே 10 கிலோஹெர்ட்ஸின் மடங்குகள் மேலேறி மீடியம் வேவ் அலைவரிசைகளுக்குள்ளும் போகின்றன. பிஎம்டபிள்யூ ஐ3யிலும் டெஸ்லாவின் கார்களிலும் மீடியம் வேவ் ரேடியோவையே எடுத்துவிட்டதற்குக் காரணம் இதுதான். டெல்டாவில் அந்த இழப்பு கொஞ்சம் உறைக்கும். திருச்சி வானொலியின் மீடியம் வேவ் விவசாய நிகழ்ச்சி வழியாகப் பரவியதால்தான், 1960களில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடி 27 ரகத்தை இந்தப் பகுதி விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். காரைக்கால் பண்பலையின் 100.3 மெகாஹெர்ட்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஒலியைக் கணக்கிட்டுத் திருத்தும் சிப்பான டிஎஸ்பி பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். வலக் கதவு ஸ்பீக்கர் இடப்பக்கத்தைவிட 70 சென்டிமீட்டர் நெருக்கம் என்றால், 30 டிகிரி வெயிலில் நொடிக்கு 349 மீட்டர் போகும் ஒலி 2 மில்லிநொடி முன்னால் வந்து சேர்கிறது. முதலில் வரும் ஒலியின் திசையையே காது நம்பும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949இல் காட்டினார். டிஎஸ்பி அந்த 2 மில்லிநொடி வலப்பக்கத்தை நிறுத்திவைக்கிறது. பாடகர் கதவிலிருந்து நகர்ந்து கண்ணாடிக்கு நேராக வந்து நிற்பார்.

கடைசியில் உப்பு. பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கம் இரவில் நிறுத்தும் கார்களின் மேல் விடிகாலையில் விரலால் தடவினால் ஒட்டும் அந்தப் பிசுக்கு, செம்புக்கும் இரும்புக்கும் எதிரி. கார் ஆடியோ கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஒயர் பெரும்பாலும் சிசிஏ. அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு. செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். 30 ஆம்பியர் ஓடும் 5 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு போட்டால் வழியில் தொலைவது 0.16 வோல்ட். 4 சதுர மில்லிமீட்டர் சிசிஏ போட்டால் கிட்டத்தட்ட 1 வோல்ட் தொலையும். 29 வாட் வெப்பம் கார்பெட்டுக்கு அடியில் சேரும். அறுபட்ட முனையில் உப்பு ஈரம் பட்டால் செம்பும் அலுமினியமும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரியாகி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். விசைப்படகுகளில் 12 வோல்ட் இணைப்புகளைப் பல ஆண்டு பாதுகாத்துப் பழகிய மீனவர்களிடம் இதற்கான விடை இருக்கிறது: வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, அழுத்திப் பிடித்த லக், அதன் மேல் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி எங்கே வைத்தாலும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைத் தேய்த்து, பளபளக்கும் இரும்பில் லக்கை இறுக்கி, அதன் பிறகு கிரீஸ் பூச வேண்டும். முதலிலேயே பூசிவிட்டு இறுக்குகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும், பாட்டைச் சத்தமாக ஓடவிட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையை 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஸ்க்ரூவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மறுபடி இறுக்கும் நேரம் வந்துவிட்டது.